காசநோய்க் கணக்கில் ‘தொடர்பு’ என்று எதை எண்ணுவது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், தவறாக இருந்தால் திருத்துங்கள். நீங்கள் கணிதம் படிக்கிறீர்கள், எஸ்ஐஆர் மாடல் (மக்களைத் தொற்றக்கூடியவர், தொற்றியவர், குணமானவர் என்று மூன்று பெட்டிகளாகப் பிரிப்பது) தெரியும், கொரோனா சமயத்தில் வயதுவாரியான தொடர்பு அணிகளை (எந்த வயதினர் எந்த வயதினரோடு எவ்வளவு பழகுகிறார்கள் என்ற எண் அட்டவணைகளை) வைத்துப் போட்ட கணக்குகளைப் பார்த்திருக்கிறீர்கள். அதையே டிபிக்கும் (காசநோய்க்கும்) போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபோது, படித்த இரண்டு செய்திகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம், அவர்களை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்கிறது ஒன்று. நோய் அதிகமாக உள்ள பகுதிகளில் பெரும்பாலான தொற்று வீட்டுக்கு வெளியேதான் நடக்கிறது என்கிறது இன்னொன்று. இதில் எது சரி, நண்பர்களோடு சேர்ந்து நடத்தப்போகும் தொடர்புக் கணக்கெடுப்பில் என்ன கேட்பது என்பதுதான் நீங்கள் எழுதியது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. டிபிக்குத் ‘தொடர்பு’ என்று எதை எண்ணுவது? அது தெளிந்தால் மற்ற இரண்டும் தானாக அவிழும்.

முன்னுரையாக ஒன்று. நான் மருத்துவர் இல்லை. தொற்றுநோய்களுக்கு மாடல் கட்டுவது பல வருடங்களாக என் தொழில், அதில் பாதிக்கு மேல் டிபிதான். அதனால் மருந்து, சிகிச்சை பற்றி என்னிடம் கேட்காதீர்கள். கணக்கு எங்கே உடையும் என்று கேட்டால் சொல்வேன், நானே நிறைய உடைத்திருக்கிறேன்.

முட்டிக்கொள்ளும் அந்த இரண்டு செய்திகளும் சரிதான். வீட்டில் இருக்கும் ஒருவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வது முதலாவது. நடக்கும் மொத்தத் தொற்றில் வீட்டின் பங்கு எவ்வளவு என்பதைச் சொல்வது இரண்டாவது. வீட்டில் நாலு பேர்தான் இருக்கிறார்கள், வெளியே ஊரே இருக்கிறது. தனி ஆளுக்கான ஆபத்து வெளியே எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆட்களின் எண்ணிக்கை அதைத் தூக்கிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு அசட்டுத் தவறால். நான் எழுதிய முதல் டிபி மாடலில், நோயாளியோடு வீட்டில் 4 பேர், ஒருவருக்கு ஒரு நாளில் தொற்ற 100இல் 1 வாய்ப்பு, நோய் கண்டுபிடிக்கப்பட 300 நாள் என்று வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் பெருக்கிவிட்டேன். நாலு பேர் உள்ள வீட்டில் 12 தொற்று வந்தது! மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் இரண்டு வாரம் கவனிக்கவே இல்லை. கூட வேலை செய்த மூத்தவர் ஒருவர் அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, “மீதி எட்டுப் பேர் யாருங்க, விருந்தாளியா?” என்று கேட்டார். சரியான கணக்கு, 1இலிருந்து 0.99இன் 300ஆவது அடுக்கைக் கழிப்பது. ஆளுக்கு 95 சதவீதம் வரும், வீட்டில் மொத்தம் 3.8 தொற்று. அதே நோயாளி அதே அளவு நேரத்தைத் தினமும் வேறு வேறு நாலு பேரோடு கழித்திருந்தால் 1,200 புதிய ஆட்கள், அப்போது 12 தொற்று என்பது சரியான விடை. ஆக, வீடு நிரம்பிவிடும். ஒருவரைத் தொற்றியபின் அவரோடு இன்னும் ஆயிரம் மணி நேரம் இருந்தாலும் கணக்கில் புதிதாக எதுவும் சேராது. வெளி உலகம் அப்படி நிரம்புவதில்லை.

இப்போது அதே கணக்கில் நோயாளியின் தொற்றும் திறனை மட்டும் மாற்றிப் பாருங்கள், சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது. திறன் பத்தில் ஒரு பங்காக இருந்தால் வீட்டில் சுமார் 1 தொற்று, வெளியே சுமார் 1.2, கிட்டத்தட்ட சமம். திறன் இரண்டு மடங்கானால் வீட்டில் அதே 4தான், வெளியே 24. அதாவது ஆள் எவ்வளவு அதிகமாகத் தொற்ற வைக்கக்கூடியவரோ, அவ்வளவுக்கு அவரால் நடக்கும் பரவல் வீட்டை விட்டு வெளியே நகர்ந்துவிடுகிறது. டிபியில் இந்தத் திறன் ஆளுக்கு ஆள் பயங்கரமாக வேறுபடும். எல்லோருக்கும் ஒரே சராசரியைப் போட்டு மாடல் கட்டினால் வீட்டின் பங்கு செயற்கையாகப் பெரிதாகத் தெரியும். 2018இல் மெக்ரீஷ், வைட் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இந்தக் கோணத்தைத்தான் முறையாகச் செய்து காட்டியது. மக்களின் தொடர்பு நேரத்தில் பெரும்பகுதி வீட்டிலும் தெரிந்தவர்களோடும் கழியும்போது, தொற்றில் மட்டும் அவர்கள் பங்கு ஏன் இவ்வளவு குறைவு என்ற புதிருக்கு, இந்த நிரம்பலும் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடும் சேர்ந்தே பெரும்பாலும் பதில் தந்துவிடுகின்றன.

அந்தப் பங்கு உண்மையில் எவ்வளவு குறைவு? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நோய் மிக அதிகமான ஒரு பகுதியில் கிருமிகளின் மரபு ரேகைகளை ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2004இல் வந்தது. பரவலில் 19 சதவீதம்தான் ஒரே வீட்டுக்குள் நடந்ததாக அதில் தெரிந்தது. மலாவியின் கரோங்கா மாவட்டத்தில் நெடுங்காலம் நடந்த ஆய்வில், ஏற்கெனவே தெரிந்த நோயாளித் தொடர்பால் வந்தது என்று சொல்லக்கூடியது பத்தில் ஒன்றுக்கும் குறைவு. இந்த எண்களை அப்படியே எடுத்து வேறு இடத்துக்குப் போடாதீர்கள். நோய் அரிதான நாட்டில் தெருவில் இன்னொரு நோயாளியைச் சந்திக்கும் வாய்ப்பே குறைவு, அங்கே வீட்டின் பங்கு உயர்ந்துதான் இருக்கும்.

சரி, தொடர்புக்கு வருவோம். நீங்கள் பார்த்த அணிகளுக்கெல்லாம் மூதாதை போலிமோட் என்ற கணக்கெடுப்பு. 2008இல் வெளியானது, 8 ஐரோப்பிய நாடுகள், 7,290 பேர், ஆளுக்கு ஒரு நாள் நாட்குறிப்பு. நேருக்கு நேர் மூன்று வார்த்தைகளாவது பேசியிருக்க வேண்டும், அல்லது தொட்டிருக்க வேண்டும், அதுதான் அதில் தொடர்பு. சளிக்காய்ச்சல் மாதிரியான நோய்களுக்கு இது நன்றாகவே வேலை செய்தது. டிபிக்கு இந்த வரையறை பொருந்தாது. டிபி கிருமி பரவுவது காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துளிக் கருக்களால், அவை மூடிய அறையில் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். பேருந்தில் நாலு வரிசை பின்னால் உட்கார்ந்திருப்பவரோடு நீங்கள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, அவர் நாட்குறிப்பில் வரவே மாட்டார், ஆனால் அவர் விட்ட காற்றைத்தான் முக்கால் மணி நேரம் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மறுபக்கம், திறந்த வெளியில் நின்று அரை மணி நேரம் பேசியவர் நாட்குறிப்பில் பெரிய தொடர்பு, டிபி கணக்கில் ஏறத்தாழ பூஜ்யம்.

இது ஊகம் இல்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலியும் அவர் குழுவும் டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேல்தளத்தில் இருந்த கினிப்பன்றிக் கூண்டுகளுக்கு அனுப்பினார்கள். நோயாளியை ஒரு முறைகூடப் பார்க்காத அந்தப் பிராணிகளுக்குத் தொற்றியது. எந்த நோயாளியின் கிருமி எந்தப் பிராணிக்குப் போனது என்று தேடியபோது, மிகச் சிலரே பெரும்பாலான தொற்றுக்குக் காரணம் என்பதும் தெரிந்தது. நான் மேலே சொன்ன ஆளுக்கு ஆள் வேறுபாடு அப்போதே கண்ணில் பட்டுவிட்டது. 1960களில் பைர்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் ஒரு மாலுமியின் நோய் பரவிய கதையும் இதே ரகம். அவரோடு ஒரே படுக்கையறையில் இருந்தவர்கள் மட்டுமில்லாமல், காற்றோட்டக் குழாய் வழியாக அந்தக் காற்றையே திரும்பப் பெற்ற வேறு அறைக்காரர்களுக்கும் தொற்றியிருந்தது. கப்பலில் நாட்குறிப்புக் கணக்கெடுப்பு நடத்தியிருந்தால் இந்த இரண்டாவது கூட்டம் சிக்கியிருக்கவே சிக்காது.

அதனால் டிபியில் தொடர்பின் அலகு ஆள் எண்ணிக்கை அல்ல, பகிர்ந்த காற்று. இதை அளக்க எளிய வழி கார்பன் டை ஆக்சைடு. வெல்ஸ்–ரைலி சமன்பாடு என்று ஒன்று உண்டு. தொற்றும் வாய்ப்பைக் கணக்கிட, நோயாளிகள் எண்ணிக்கை, அவர்கள் வெளியிடும் கிருமியளவு, நாம் இழுக்கும் காற்று, நேரம், இவற்றின் பெருக்கலை அறைக்குள் வரும் புதுக்காற்றால் வகுத்து, அதை ஒரு அடுக்குக்குறிச் சார்புக்குள் போடுவார்கள். புதுக்காற்றை அளப்பது கடினம். 2003இல் ரட்னிக், மில்டன் இருவரும் அதற்குப் பதிலாக அறையின் கார்பன் டை ஆக்சைடை வைத்து, நாம் இழுக்கும் மூச்சில் எத்தனை பங்கு ஏற்கெனவே யாரோ விட்டது என்று கணக்கிடலாம் எனக் காட்டினார்கள். உதாரணமாக கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் பத்து லட்சத்துக்கு 420 பங்கு, அறையில் 1,500, நாம் விடும் மூச்சில் சுமார் 38,000 என்று வையுங்கள். வித்தியாசத்தை வகுத்தால் 2.8 சதவீதம். ஏறத்தாழ 35 மூச்சில் ஒன்று இன்னொருவர் விட்டது (கொஞ்சம் நாமே விட்டதும் அதில் அடங்கும்).

அந்த அறையில் 30 பேர், அதில் ஒருவருக்கு டிபி. ஒருவரைத் தொற்ற வைக்கச் சராசரியாகத் தேவைப்படும் அளவுக்கு வெல்ஸ் ‘குவாண்டம்’ என்று பெயர் வைத்தார். ரைலியின் வார்டுக் கணக்கில் நோயாளி மணிக்கு வெளியிட்டது 1.25 குவாண்டம், அதையே எடுத்துக்கொள்வோம். 200 மணி நேரம் சேர்ந்து இருந்தால் மற்ற ஒவ்வொருவருக்கும் தொற்றும் வாய்ப்பு 21 சதவீதம் வரும். 29 பேரில் சுமார் 6 பேர். ஜன்னல்களைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை 700க்கு இறக்கினால் அதே 200 மணி நேரத்துக்கு 6 சதவீதம், 29 பேரில் 2 பேருக்கும் குறைவு. போலிமோட் அணியில் இந்த இரண்டு அறைகளும் ஒன்றுதான், 29 பேர், 29 தொடர்பு. ஜன்னல் சும்மா அலங்காரம் என்று நினைக்காதீர்கள். பெருவின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது (இடைநிலை மதிப்பு). இயந்திரக் காற்றோட்டம் உள்ள தனி அறைகளுக்குக் கணக்கு 12 முறை.

கவனியுங்கள், அந்த 1.25 என்பது பெரும்பாலும் சிகிச்சையில் இருந்த வார்டு நோயாளிகளின் சராசரி. பரிசோதனையே செய்யாமல் இருமிக்கொண்டு திரிபவருக்கு அது பல மடங்காக இருக்கலாம், வேறொருவருக்கு ஏறக்குறைய பூஜ்யமாகவும் இருக்கலாம். ஆகவே 21, 6 என்ற எண்களை நம்ப வேண்டாம், இரண்டுக்கும் இடையே உள்ள விகிதத்தை நம்பலாம்.

அடுத்து நேரம். எஸ்ஐஆர் மாடல் டிபியிடம் தோற்பது இங்கேதான். தட்டம்மையில் தொற்றினால் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். டிபியில் தொற்றியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர்தான் வாழ்நாளில் என்றைக்காவது நோய்வாய்ப்படுவார்கள், மற்றவர்கள் தெரியாமலேயே வாழ்ந்து முடிப்பார்கள். மேலே சொன்ன அறையில் 6 பேருக்குத் தொற்றினாலும் அதிலிருந்து ஒரு நோயாளிகூட வராமல் போக வாய்ப்பு அதிகம், அதனால் அந்த அறையில் ஏதோ நடந்தது என்பதே யாருக்கும் தெரியாது. டிபியின் பரவல் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்குதான். 2016இல் ஹூபன், டாட் இருவரும் போட்ட மதிப்பீட்டில், உலக மக்களில் சுமார் 23 சதவீதம், அதாவது 170 கோடிப் பேர், தொற்றின் தடயம் உள்ளவர்கள். ஆனால் நோய்வாய்ப்படுபவர்கள் அதில் மிகச் சிறு பகுதி. 2023இல் 1.08 கோடிப் பேர் நோயுற்றார்கள், 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

அதனால் பெட்டிகளை அதிகமாக்க வேண்டும். தொற்றாதவர், புதிதாகத் தொற்றியவர், பழைய தொற்றோடு இருப்பவர், நோயாளி, குணமானவர் என்று குறைந்தது ஐந்து. புதிதாகத் தொற்றியவர்களுக்கு முதல் இரண்டு வருடத்தில் ஆபத்து மிக அதிகம், அதைத் தாண்டினால் வேகமாக இறங்கிவிடும், அப்புறம் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்று அல்லது அதற்கும் கீழே. இந்த வடிவத்தின் கரு 1962லேயே வாலர், கேசர், ஆண்டர்சன் மூவரும் எழுதிய மாடலில் இருக்கிறது. கணினியில் ஓடும் இன்றைய பெரிய மாடல்களும் அதற்குத் தூரத்து உறவுதான். பழைய தொற்று உள்ளவருக்கு மறுபடி தொற்றலாம் என்ற அம்புக்குறியை மறக்காதீர்கள். நோய் அதிகமான பகுதியில் அந்த அம்புக்குறி இல்லாவிட்டால், சிகிச்சையின் பலன் முதல் சில வருடங்களுக்குள் எவ்வளவு தெரியும் என்ற விடையே தவறாகிவிடும்.

அணிக்குள்ளும் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று குழந்தைகள். அணியில் பள்ளி வயதுக் கட்டங்கள் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் அவர்கள் ஒருவரோடொருவர் ஏராளமாகப் பழகுகிறார்கள். ஆனால் சிறு குழந்தைகளின் டிபியில் சளியில் கிருமி மிகக் குறைவு, அவர்கள் அபூர்வமாகத்தான் பிறருக்குப் பரப்புவார்கள். எனவே நிரையில் (தொற்றைப் பெறுபவர்) குழந்தைக்கு இடம் உண்டு, நிரலில் (தொற்றைத் தருபவர்) அவர்களுக்கான எடையை மிகவும் குறைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் பள்ளிக்கூடமே டிபியின் ஊற்று என்ற விசித்திரமான விடை வரும். பதின்வயதின் பிற்பகுதியில் பெரியவர்களுக்கான வகை நோய் வரத் தொடங்கும், அதற்கேற்ப எடையையும் ஏற்ற வேண்டும். இன்னொன்று ஆண்கள். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வீடு வீடாக நடத்திய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்களிடம் டிபி பெண்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆண்கள் ஆண்களோடுதான் அதிக நேரம் மூடிய இடங்களில் கழிக்கிறார்கள் என்பதும் சேர்ந்துகொள்ளும்போது, பால் வேறுபாடு இல்லாத வயது அணி பாதிக் கதையைத்தான் சொல்லும். கொரோனா அணிகள் பலவற்றில் இது இருக்காது, நீங்களே சேர்க்க வேண்டும்.

இதோடு தொடர்புடைய ஒரு பழைய வாய்ப்பாடும் உண்டு. ஆண்டுக்கு 1 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்றால் லட்சத்துக்கு 50 பேர் சளியில் கிருமி தெரியும் நோயாளிகள் என்று டிபி ஆய்வாளர் ஸ்டிப்லோ சொன்னது. பல வருடம் இதை வைத்தே நாடுகளின் நோயளவைக் கணித்தார்கள். இப்போது யாரும் இதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. அந்த 1 சதவீதம் பெரும்பாலும் சிறு பிள்ளைகளைப் பரிசோதித்து எடுத்த எண், அவர்கள் யாரோடு காற்றைப் பகிர்கிறார்கள் என்பதும் பெரியவர்கள் யாரோடு பகிர்கிறார்கள் என்பதும் வேறு. நோயாளி எத்தனை மாதம் சிகிச்சை இல்லாமல் இருக்கிறார் என்பதும் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறுகிறது.

அந்தக் காலம் எவ்வளவு என்பதுதான் என் அனுபவத்தில் மாடலின் மிக முக்கியமான எண். சிகிச்சையே இல்லாவிட்டால் நோய் தொடங்கியதிலிருந்து தானாகக் குணமாவது அல்லது இறப்பது வரை சராசரியாகச் சுமார் 3 ஆண்டு. சரியான மருந்து தொடங்கியபின் தொற்றும் திறன் சீக்கிரம் விழுந்துவிடும். இதற்கு அழகான சான்று மதராஸில் நடந்து 1959இல் முதல் முடிவுகள் வெளியான ஆய்வு. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்கள் ஒரு குழு, சானடோரியத்தில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்கள் இன்னொரு குழு. குடும்பத்தினரை ஐந்து வருடம் கவனித்தும் வீட்டுக் குழுவின் குடும்பங்களில் கூடுதல் நோய் வரவில்லை. நடக்க வேண்டிய தொற்றில் பெரும்பகுதி நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பே நடந்து முடிந்துவிட்டது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். ஆகவே உங்கள் மாடலில் தொடர்பை 300 நாளுக்கு ஓட்டுகிறீர்களா, 100 நாளுக்கு ஓட்டுகிறீர்களா என்பது, அணியில் எந்தக் கட்டத்தில் 3.2, எதில் 3.6 என்பதைவிட விடையை அதிகம் ஆட்டும்.

இதுவரை சொன்னதில் எதை உறுதி என்று எடுத்துக்கொள்ளலாம்? காற்றில் பரவுவது, மூடிய இடமும் நேரமும் முக்கியம் என்பது, தொற்றியவர்களில் சிறுபான்மையினருக்குத்தான் நோய், அதிலும் முதல் இரண்டு வருடமே ஆபத்தான காலம், சில நோயாளிகள் மற்றவர்களைவிடப் பல மடங்கு பரப்புகிறார்கள், நோய் மிகுந்த பகுதியில் பரவலின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே. இவற்றில் நான் தைரியமாக நிற்பேன்.

சந்தேகமானவை வேறு வகை. பல நாடுகளின் கணக்கெடுப்புகளில், சளியில் கிருமி உறுதியானவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் எந்த அறிகுறியும் சொல்லவில்லை. அவர்கள் எவ்வளவு பரப்புகிறார்கள் என்று மாடல்கள் சொல்லும் எண்களின் இடைவெளி மிக அகலம், அதில் நடு எண்ணைப் பிடித்துக்கொண்டு யாராவது அடித்துப் பேசினால் ஒதுங்கிவிடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு என்பதும் அப்படித்தான். டிபி கிருமியின் மரபணுத் தொகுதி 44 லட்சம் எழுத்து நீளம், ஆனால் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு எழுத்துதான் மாறுகிறது. 5 எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் சமீபத்திய தொடர்பு இருக்கலாம், 12க்கு மேல் என்றால் இல்லை என்று பிரிப்பார்கள். குறைவான வித்தியாசம் இருவரும் ஒரே சங்கிலியில் இருக்கலாம் என்று காட்டும், ஆனால் யார் முதலில் என்று பெரும்பாலும் சொல்லாது. கேப்டவுன், மலாவி எண்களுக்கும் இந்த வரம்பு உண்டு, அன்றைய முறைகளின் நுணுக்கம் இதைவிடக் குறைவு.

மாடலுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். தொற்றும் வேகத்துக்குப் பீட்டா என்று நாம் எழுதும் அந்த ஒற்றை எழுத்துக்குள் இருமலின் வேகம், அறையின் காற்று, கிருமியின் வகை, பெறுபவரின் உடல்நிலை எல்லாம் பதுங்கியிருக்கின்றன. பீட்டாவைக் கொஞ்சம் ஏற்றி, நோய்க்காலத்தைக் கொஞ்சம் இறக்கினால் அதே நோயாளி எண்ணிக்கை வரைபடம் கிடைக்கும். வரைபடம் பொருந்துகிறது என்பதால் மாடல் சரி என்று ஆகாது. பத்து வேறுபட்ட மாடல்கள் கடந்த காலத்துக்கு ஒரே மாதிரி பொருந்திவிட்டு, எதிர்காலத்துக்குப் பத்து பதில் சொல்லும். பெறுபவரின் உடல்நிலை சின்ன விஷயமும் இல்லை. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தினருக்கு ஊட்டச்சத்துப் பொருட்கள் கொடுத்து நடத்திய சோதனையின் முடிவு 2023இல் வந்தது, குடும்பத்தினரிடம் புதிய டிபி சுமார் 40 சதவீதம் குறைந்தது. தொடர்பு அணியில் ஒரு எண்ணும் மாறவில்லை, காற்றும் அதேதான், ஆனாலும் விளைவு மாறியது.

மாடலின் விடையை நிஜத்தோடு உரசிப் பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் வியட்நாமின் கா மாவ் மாகாணம். அங்கே தேர்ந்தெடுத்த பகுதிகளில் வயது வந்தவர்கள் எல்லோரையும், இருமல் இருக்கிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒரு முறை மூன்று வருடம் பரிசோதித்தார்கள். நாலாவது வருடம் ஒப்பீட்டுப் பகுதிகளைவிட நோய் 44 சதவீதம் குறைவு என்று 2019இல் வெளியானது. பரவல் முழுக்க வீட்டுக்குள்தான் என்றிருந்தால் இவ்வளவு பெரிய வலை தேவையே இருந்திருக்காது, குடும்பங்களைப் பார்த்தாலே போதும்.

அப்படியானால் வீட்டினரைப் பரிசோதிப்பது வீணா? இல்லவே இல்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களில் 100க்கு சுமார் 3 பேருக்கு அப்போதே நோய் இருந்தது, பாதிப் பேருக்குத் தொற்று இருந்தது. தெருவில் போகும் 100 பேரைப் பரிசோதித்தால் இதன் பக்கத்தில்கூட வராது. அதிலும் 5 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் தொற்றினால் மூளைக்காய்ச்சல் போன்ற மோசமான வடிவம் எடுக்கும் ஆபத்து அதிகம். ஒரு பரிசோதனைக்கு எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்று கேட்டால் வீடுதான் முதலிடம். ஊரில் பரவலை நிறுத்த அது போதுமா என்று கேட்டால் போதாது. உங்கள் மாடலின் வெளியீட்டில் இந்த இரண்டு எண்களையும் தனித்தனிப் பத்தியாக வையுங்கள், ஒன்றை வைத்து மற்றதை நிரூபிக்கப் பார்க்காதீர்கள்.

கணக்கெடுப்புக்கு வருகிறேன். யாரோடு பேசினீர்கள் என்ற பட்டியல் இருக்கட்டும், ஆனால் அதை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். முதல் பக்கத்தில் இடங்களைக் கேளுங்கள். நேற்று எந்தெந்த மூடிய இடங்களில் இருந்தீர்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், அங்கே தோராயமாக எத்தனை பேர், ஜன்னல் திறந்திருந்ததா, ஏசி ஓடியதா. ‘தோராயமாக’ என்ற வார்த்தை முக்கியம், துல்லியமாகக் கேட்டால் மக்கள் கூட்டமான இடங்களை எழுதாமல் விட்டுவிடுவார்கள். அதே இடத்தில் வழக்கமாக இருப்பது அதே ஆட்களா, தினமும் மாறுகிறார்களா என்றும் ஒரு கேள்வி வையுங்கள், ஏனென்றால் நிரம்பல் கணக்குக்கு அது இல்லாமல் முடியாது. முடிந்தால் சிலரிடம் சட்டைப்பையில் அடங்கும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் கொடுத்து ஒரு நாள் சுற்றச் சொல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் பதின்வயதினரிடம் இப்படிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், மற்றவர் விட்ட காற்றில் பெரும்பங்கைப் பள்ளிக்கூடத்தில்தான் இழுத்திருந்தார்கள். எத்தனை பேர் கணக்கெடுப்பில் சேர்கிறார்கள், மீட்டர் எத்தனை கிடைக்கும் என்று எழுதினால், எந்த அளவு மாதிரிக்கு எவ்வளவு பிழை வரும் என்று உட்கார்ந்து போட்டுப் பார்க்கலாம்.